ஒழுங்குபடுத்துபவன்

கணினிக்குப் பிரெஞ்சு மொழியில் ‘ஒர்தினாத்தேர்’ என்று பெயர். 1955-இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரான்சுக் கிளை தன் புதிய இயந்திரத்துக்குப் பெயர் தேடியபோது, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. ஒழுங்குபடுத்துபவன் என்று பொருள். உலகை ஒழுங்கில் வைக்கும் கடவுளைக் குறித்த சொல் என்று அவரே விளக்கினார். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அந்த ஒழுங்குபடுத்துபவனே வரிசை தவறுவான் என்பது பலருக்குத் தெரியாது.

அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர்களுக்கு இது எளிதில் புரியும். உத்தரவில் கையெழுத்து விழ வேண்டும். பிறகுதான் அனுப்புகைப் பதிவேட்டில் எண் ஏற வேண்டும். எண் முந்திவிட்டால், அடுத்த பிரிவு உத்தரவு தயார் என்று நம்பி வெற்றுத் தாளை எடுத்துப் போகும்.

கணினியிலும் இதே கதைதான். செயலியின் வேகத்துக்கு நினைவகம் ஈடுகொடுப்பதில்லை. அதனால் எழுத வேண்டியதைச் செயலி ஒரு சிறு இடைத்தட்டில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். சிலவகைச் செயலிகளில், பின்னால் எழுதியது முன்னால் போய்ச் சேர்வதும் உண்டு. ஒரே செயலி இருக்கும்வரை இதில் கெடுதல் இல்லை. தான் எழுதியது அதற்குத் தெரியும். இரண்டு செயலிகள் ஒரே நினைவகத்தைப் பார்க்கும்போதுதான் வம்பு.

1979-இலேயே லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்கர் இதை எச்சரித்தார். ஒவ்வொரு செயலியும் தனித்தனியே சரியாக வேலை செய்தாலும் மொத்தக் கணக்கு பிழையாகலாம் என்று ஒரு சிறு கட்டுரையில் காட்டினார். 1992-இல் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட ஆல்பா செயலி, வேகத்துக்காக வரிசையை மிகவும் தளர்த்திவிட்டது. எங்கே வரிசை முக்கியமோ அங்கே ‘இதைத் தாண்டாதே’ என்ற கட்டளையை நிரலாளரே எழுத வேண்டும். பிரெஞ்சில் ‘பாரியேர் மெமுவார்’, அதாவது நினைவகத் தடுப்பு. லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலில் இத்தகைய தடுப்புகள் ஏராளம்.

தடுப்பு வைத்தால் வேகம் குறையும். எடுத்தால் கணக்கு கெடும். 1999-இல் லினக்ஸ்காரர்களிடையே இது பெரிய விவாதமானது. இன்டெல் செயலியில் ஒரு பூட்டைத் திறக்க, விலை கூடிய கட்டளைக்குப் பதில் சாதாரணமாக எழுதினாலே போதாதா என்று கேட்டார்கள். போதாது, இயந்திரம் நின்றுவிடும் என்றார் லினஸ் டோர்வால்ட்ஸ். கடைசியில் இன்டெல் பொறியாளர் ஒருவர் வந்து, போதும் என்று உறுதி சொன்னபிறகு அவரும் ஏற்றுக்கொண்டார். லினக்ஸை உருவாக்கியவரே கையேட்டைப் படித்து முடிவுக்கு வர முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விதி தெளிவாக எழுதப்படாததே கோளாறு. இன்டெல் 2007-இல்தான் இந்த வரிசை விதிகளைத் தனி ஆவணமாக வெளியிட்டது. லினக்ஸ் கெர்னலுக்கென்றே ஒரு முறையான விதித்தொகுப்பு 2018-இல் சேர்ந்தது. அதை எழுதியவர்களில் பிரான்சின் இன்றியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லுக் மரான்ழேவும் ஒருவர். எந்த வரிசை நடக்கலாம், எது நடக்கவே கூடாது என்பதை இப்போது கணினியைக் கொண்டே சோதிக்கலாம்.

இன்று பேரன் கையிலுள்ள கைப்பேசியில்கூடப் பல செயலிகள். அவை ஒன்றன் பதிவேட்டை இன்னொன்று நம்பித்தான் நம் ஓய்வூதியக் கணக்கையும் காட்டுகின்றன. பெரே வைத்த பெயர் பொய்யாகாமல் காப்பது, நிரலாளர்கள் இடம் பார்த்து வைத்த அந்தத் தடுப்புகள்தாம்.