‘எங்களுக்கு அப்புறம் யாரு?’ – ஆட்டிசமும் 1999 சட்டமும்

தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசினால், தெரபி, ஸ்கூல், ஃபீஸ் எல்லாம் முடிந்து பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: “எங்களுக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பாங்க?” இதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டுச் சட்டம் ஒன்றுக்குள்ளேயே இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கு.

கொஞ்சம் பின்னால் போவோம். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக அடையாளம் பெற்றது. அதற்கப்புறம் பல வருஷம், அம்மா பாசம் காட்டாததுதான் காரணம் என்று மருத்துவ உலகத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். மறுத்து எழுந்தவர்களில் பெற்றோர் முக்கியமானவர்கள். 1962இல் பிரிட்டனிலும் 1965இல் அமெரிக்காவிலும் பெற்றோர் சேர்ந்து சங்கம் ஆரம்பித்தார்கள்.

இங்கேயும் அதே கதைதான். 1985இல் பூனம் நடராஜன் என்ற தாய் சென்னையில் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டிதான் இன்றைக்குக் கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யா சாகர். முதலில் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்காக ஆரம்பித்து, பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது. 1991இல் டெல்லியில் மெரி பரூவா, அவரும் ஒரு தாய், ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கினார். பள்ளி இல்லை, அதனால் பெற்றோரே பள்ளி கட்டினார்கள்.

அடுத்த சுவர் சட்டம். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்தது மொத்தம் 7 வகை. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம், மனவளர்ச்சிக் குறைவு எல்லாம் உண்டு, ஆட்டிசம் இல்லை. எங்க தொழில் பாஷையில் சொன்னால், டேட்டாபேஸில் அந்தக் காலமே (column) இல்லை என்பது போல. ஃபார்மில் பெயர் இல்லாத நிலைக்குச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? பலர் ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற கட்டத்துக்குள் நுழைந்துதான் சலுகை வாங்கினார்கள். அந்தக் குறைபாடு இல்லாத ஆட்டிசக்காரர்கள் வெளியே நின்றார்கள்.

1999இல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. ஆட்டிசம் என்ற சொல் அதன் தலைப்பிலேயே இருக்கு. பெற்றோரோ காப்பாளரோ இறந்துபோனால் அவர்களுடைய பிள்ளைக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் கிடைக்க வழி செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. அந்த வீட்டுக் கேள்வி அப்படியே சட்ட வாசகமாகிவிட்டது! பூனம் நடராஜன் பின்னாளில் இந்த டிரஸ்டின் தலைவராகவும் இருந்தார்.

இது வேலை செய்யும் விதம்: பிள்ளைக்கு 18 வயசு முடிந்தால், சட்டப்படி அப்பா அம்மாகூடத் தானாகக் காப்பாளர் கிடையாது. தேவைப்பட்டால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கணும். தாம்பரத்துக்காரர்களுக்கு முன்பு காஞ்சிபுரம் மாவட்டம், 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு. குழுவில் மூன்று இடங்கள்: கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி.

சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படிக்கும்போது அந்த மூன்றாவது இடத்தில் நின்றுவிட்டேன். மாற்றுத்திறனாளி என்றால் யார்? “1995 சட்டத்தின் வரையறைப்படி” என்கிறது பிரிவு. அந்த 7 வகைப் பட்டியல்! அதாவது, ஆட்டிசம் உள்ளவருக்குக் காப்பாளர் யார் என்று முடிவு செய்யும் குழுவில், ஆட்டிசம் மட்டும் உள்ள ஒருவர் மாற்றுத்திறனாளியாக உட்கார அந்த வரையறை இடம் தரவில்லை.

2016 சட்டம் பட்டியலை 21 ஆக்கி ஆட்டிசத்தையும் சேர்த்தது. காப்பாளர் தனியாக முடிவெடுக்காமல், சம்பந்தப்பட்டவரோடு சேர்ந்து முடிவெடுக்கணும் என்ற கருத்தையும் அது கொண்டுவந்தது.

பெற்றோர் கட்டிய அமைப்புகள் இல்லையென்றால் பள்ளியும் இல்லை, சட்டமும் இல்லை. ஆனால் ‘யாரு பாத்துப்பாங்க’ என்ற கேள்விக்குப் பதில் தேடிய வேகத்தில், ‘உனக்கு என்ன வேணும்’ என்று அந்தப் பிள்ளையைக் கேட்பது பின்னால் போய்விட்டது. வளர்ந்த பிள்ளைக்காகக் குழுவுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள், முதலில் வீட்டிலேயே அதைக் கேட்டுப் பார்க்கலாம். பேச்சு வராவிட்டால் படம் காட்டியோ, டைப் அடிக்க வைத்தோ. உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்றாவது நாற்காலியில் இருப்பது யார் என்றும் விசாரித்து வையுங்கள்.