‘ஜோதா அக்பர்’ திரைப்படத்தில் கால வழுவும் வழுவமைதியும்

முன்னுரை

வரலாற்றுத் திரைப்படங்களில் காணப்படும் காலப் பிறழ்ச்சிகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. தமிழிலக்கண மரபு எழுவகை வழுக்களுள் ஒன்றாகக் கால வழுவைச் சுட்டுகிறது. அதே வேளையில் விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் நேரும் கால மயக்கத்தை வழுவமைதியாக ஏற்கவும் செய்கிறது. இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, அசுதோஷ் கோவாரிகர் இயக்கத்தில் 2008-இல் வெளிவந்த ‘ஜோதா அக்பர்’ என்னும் இந்தித் திரைப்படத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

அமைதி பெறும் வழுக்கள்

ஆம்பேர் அரசர் பார்மலின் மகளை அக்பர் மணந்தது 1562-இல் ஆகும். மணமகள் வந்து சேரும் ஆக்ராவைத் திரைப்படம் செம்மணற்கல் கோட்டையாகக் காட்டுகிறது. ஆனால், பழைய செங்கற்கோட்டை இருந்த இடத்தில் அக்பர் செம்மணற்கல் கோட்டையை எழுப்பத் தொடங்கியது 1565-இல்தான். பாரசீகம் செல்வாக்குப் பெற்றிருந்த அவையினர் உருது கலந்த இந்தியில் உரையாடுவதும் இத்தகையதே. காண்போர்க்குத் தெளிவு தருவனவாகவும் நிகழ்ச்சிகளின் காரண காரியத் தொடர்பைச் சிதைக்காதனவாகவும் இருத்தலின், இவற்றை வழுவமைதி எனக் கொள்ளலாம்.

பெயர் பற்றிய பூசல்

அரசியின் பெயரே பெரும் எதிர்ப்புக்கு இலக்காயிற்று. அபுல் பஸலின் ‘அக்பர்நாமா’ ஜோதா என்னும் பெயரைக் குறிக்கவில்லை. ‘மரியம்-உஸ்-ஸமானி’ என்பது ஜஹாங்கீரின் தாயார் பெற்றிருந்த பட்டம். ஜஹாங்கீரின் மனைவியருள் மார்வார் அரச குலத்தவரே ‘ஜோத் பாய்’ என வழங்கப்பெற்றார் என்பது வரலாற்றாளர் பலரின் கருத்து. இராஜபுத்திர அமைப்புகள் எதிர்த்தமையால் இராஜஸ்தானில் படம் திரையிடப்படுவது தடைப்பட்டது. எனினும், அரசிக்கு வேறு பெயர்களும் வழங்குவதைப் படத்தின் தொடக்க அறிவிப்பே ஒப்புக்கொள்கிறது.

அமைதி பெறாக் கால வழு

பெயர்ப் பூசலின் இரைச்சலில் உண்மையான கால வழு கவனம் பெறாது போயிற்று எனலாம். யாத்திரை வரியை நீக்கிய பின்னரே மக்கள் ஜலாலுத்தீனுக்கு ‘அக்பர்’ என்னும் பட்டம் சூட்டியதாகத் திரைப்படம் காட்டுகிறது. 1556-இல் அரியணை ஏறிய காலத்திலேயே அவருக்கு அப்பெயர் உண்டு. அவருடைய தொடக்க கால நாணயங்களே இதற்குச் சான்றாகும்.

வரி நீக்கத்தின் காரணமும் மாற்றப்பட்டுள்ளது. மக்களின் மனத்தை அறியுமாறு அரசி கூற, மன்னர் மாறுவேடத்தில் ஆக்ராக் கடைத்தெருவுக்குச் சென்று வரிக்கொடுமையை உணர்வதாகப் படம் சித்திரிக்கிறது. அபுல் பஸலோ, 1563-இல் மதுராவில் தங்கியிருந்தபோது அக்பர் இதனை அறிந்து வரியை நீக்கினார் என்கிறார்.

1564-இல் ஜிஸியா வரியும் நீக்கப்பட்டது. ஆயினும் 1568-இல் சித்தூர்க் கோட்டை வீழ்ந்தபோது பெருங்கொலை நிகழ்ந்தது. அவ்வெற்றியைச் சமயப்போரின் வெற்றியாகவே அக்பரின் வெற்றி அறிக்கை போற்றியது. பதேபூர் சிக்ரியில் பல சமய அறிஞரின் விவாதத்திற்குக் களமான இபாதத் கானா 1575-இல்தான் அமைந்தது. திரைப்படமோ சித்தூருக்கு முன்னரே கதையை முடித்து, முதிர்ந்த அக்பரின் சமயச் சிந்தனையை இருபது வயது இளைஞருக்கு ஏற்றிவிடுகிறது.

முடிவுரை

கோட்டையின் காலம் பிழைபட்டால் காட்சி மட்டுமே பிழைபடும். சிந்தனையின் காலம் பிழைபட்டாலோ காரணமே பிழைபடும். போர், ஆட்சித் தேவை, விவாதம், தடுமாற்றம் ஆகியவற்றினூடே ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் உருவான சமயப் பொறை, ஒரு திருமணத்தின் பயனாகச் சுருங்கிவிடுகிறது. சமய இணக்கம் காதலின் கொடையாக எளிதில் வாய்த்துவிடும் என்னும் எண்ணத்தையும் இச்சுருக்கம் விதைக்கிறது. படத்தின் நோக்கம் உயர்ந்ததாயினும், இவ்வழு அமைதி பெறாது. வரலாற்றுத் திரைப்படங்களை ஆராய்வோர் பொருட்பிழைகளைப் பட்டியலிடுவதோடு அமையாது, காரணப் பிறழ்ச்சிகளையும் இனங்காண வேண்டும்.