சித்தம்பூண்டிக் குருந்தம்

உளுந்தூர்பேட்டையில் திருச்சி நெடுஞ்சாலையை விட்டுச் சேலம் சாலையில் திரும்பினால், கள்ளக்குறிச்சியைத் தாண்டும்போது கல்வராயன் மலை வலப்பக்கம் கூடவே வரும். சேலத்தையும் கடந்து போனால் பரமத்தி வேலூர் வட்டத்துச் சித்தம்பூண்டி. அங்குள்ள வெண்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானது. அதில் அங்கங்கே பதிந்து கிடக்கும் இளஞ்சிவப்புப் படிகங்கள்தான் குருந்தம். சிவப்புக்கல்லும் நீலக்கல்லும் இதே கனிமத்தின் தெளிந்த வடிவங்கள்.

வைரத்துக்கு அடுத்த கடினம் இதற்கு. குருந்தத்தைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள் நம் கல் பட்டறைக்காரர்கள். மற்ற மணிகளுக்கு மெருகேற்றியது அந்தச் சக்கரம்தான்.

1767 வாக்கில் சென்னையிலிருந்த மருத்துவர் ஆண்டர்சன், இந்தப் படிகங்களை ஒரு பெட்டியில் போட்டு எடின்பரோவில் முத்திரை செதுக்கும் வில்லியம் பெர்ரிக்கு அனுப்பினார். கனிமச் சேகரிப்பில் பெரும் ஈடுபாடு கொண்ட சார்லஸ் கிரெவில் அந்தச் செய்தியைப் பின்தொடர்ந்தார். கல் கிடைத்ததோடு அவர் நிற்கவில்லை. எந்த மண்ணில், எந்தப் பாறையில் விளைகிறது என்று இந்தியாவிலிருந்த அதிகாரிகளிடம் விடாமல் கேட்டார். 1798-இல் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்த அவர் கட்டுரை அந்தத் தேடலின் பலன்.

கல் வியாபாரிக்கு ஒட்டியிருக்கும் பாறை வெறும் கழிவு. சேகரிப்பவருக்கோ அதுதான் கல்லின் பிறப்புச் சான்று. பட்டை தீட்டிய மறுகணமே அந்தச் சான்று அழிந்துவிடுகிறது. கிரெவில் பாறையோடு சேர்த்தே மாதிரிகளைக் காத்ததால் கனிமவியலாளர் பூர்னோன் பிரபுவின் ஆய்வு சாத்தியமானது. படிகங்களின் வடிவத்தை அளந்து, சிவப்புக்கல்லும் நீலக்கல்லும் மங்கலான குருந்தமும் ஒரே இனம் என்று 1802-இல் அவர் விளக்கினார். குருந்தத்தைத் தாங்கிய வெண்கனிமத்துக்கு 'இண்டியனைட்' என்று பெயரும் வைத்தார்.

கிரெவில் 1809-இல் இறந்தார். மறு ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 13,727 பவுண்டு கொடுத்து அவர் சேகரிப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக வாங்கியது.

சித்தம்பூண்டிப் பாறைக்கு வேறொரு பெருமையும் உண்டு. நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான் 2 கலங்களைச் சோதிக்க இங்கிருந்து பாறை எடுத்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளோடுதான். அதுபோன்ற மாதிரி நம் கையிலும் சேரலாம்: பரமத்திப் பக்கம் உழவிலோ கிணறு வெட்டும்போதோ படிகம் ஒன்று அகப்பட்டால், ஒட்டிய பாறையை உடைக்காமல், ஊர்ப் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். கிரெவில் கடல் கடந்து கேட்டுப் பெற்ற விவரத்தை நம் பள்ளிப் பிள்ளைகளே ஒரு சீட்டில் குறித்துவிட முடியும்.