லண்டனில் சரிந்த மூலை



தொழிற்சாலையில் வார்த்த சுவர்களை அடுக்கிக் கட்டும் அடுக்குமாடியில் வீடு வாங்கப்போவதாக நம் மாணவர் ஒருவர் சொன்னார். சீக்கிரம் முடியும், விலையும் குறைவு. எனக்கு ரோனன் பாயிண்ட் நினைவு வந்தது.

கிழக்கு லண்டன், 22 மாடி, திறந்து இரண்டே மாதம். 1968 மே 16 விடியற்காலை, 18ஆம் மாடியில் ஒரு அம்மா டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்த வாயு வெடித்துச் சுவர்ப்பலகை கழன்றது. மேல்மாடிகளின் மூலை அறைகள் சரிந்தன. அந்தப் பாரத்தில் கீழ்மாடிகளும் போயின. 4 பேர் இறந்தனர். டீ போட்டவர் பிழைத்தார்!

டென்மார்க்கில் ஆறு மாடிவரைக்கும் என உருவான முறையாம் அது. 1986இல் பிரித்தபோது சில மூட்டுகளில் கலவைக்குப் பதில் செய்தித்தாள் இருந்ததாம்.

தம்பி, உன் வீட்டில் மூட்டுகளை எப்படி இணைக்கிறார்கள் என்று கேட்டாயா?