தெய்வத்துக்கு எத்தனை மார்க்கு?

லண்டனில் இருக்கும் என் தங்கையின் பெண் டெலிபோனில் விக்கி விக்கி அழுதாள். "மாமா, சமயப் பாடத்திலே ஒரே ஒரு மார்க்கிலே போச்சு!"

பெயிலாகிவிடவில்லை. 7-ஆம் கிரேடு வரவேண்டிய இடத்தில் 6 வந்திருக்கிறது. இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் அந்தப் பரீட்சையில் 9 உச்சம், 1 கடைசி. கிறிஸ்தவமும் இந்து மதமும் அவள் எடுத்துக்கொண்ட மதங்கள். நாள் தவறாமல் விளக்கேற்றுகிற பெண். சொந்த மதத்திலேயே மார்க்குக் குறைந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தக் கோட்டை யார் மாமா போட்டது?" என்றாள். கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் சும்மா இருக்க முடியவில்லை. நாலு புத்தகங்களைப் புரட்டினேன்.

1944-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் இங்கிலாந்துப் பள்ளிகளில் சமய போதனையைக் கட்டாயமாக்கியது. பெற்றோர் வேண்டாமென்றால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். 1951-இல் புதிய பொதுச் சான்றிதழ்ப் பரீட்சை வந்தபோது கணக்கு, சரித்திரத்தோடு சமயமும் வரிசையில் நின்றது. வரிசையில் நின்றால் அளந்துதானே ஆகவேண்டும்?

அளக்கிற கோலின் யோக்கியதையை அதற்கு முன்பே ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார். பிலிப் ஹார்ட்டாக் என்பவர்; நம் தேசத்துக்குப் புதியவரல்ல, டாக்கா சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தராக இருந்தவர். அவரும் ரோட்ஸ் என்பவரும் 1935-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரே நடுத்தர மார்க்கு வாங்கிய 15 சரித்திர விடைத்தாள்களைப் பரீட்சகர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, அவர்களில் 14 பேரிடம் அதே தாள்களை மறுபடியும் கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92 மாறிப்போயின! தேறியவன் தவறினான், தவறியவன் தேறினான். திருத்தினது வேறு ஆளல்ல, அதே ஆசாமி, அதே தாள். சரித்திரத்துக்கே இந்தக் கதி என்றால், மோட்சத்தைப் பற்றி எழுதிய தாளின் கதி என்ன?

பின்னால் வந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். 1963-இல், பதினெட்டு வயதில் எழுதும் மேல்நிலைப் பரீட்சைக்கு ஒரு பங்கீட்டு முறை வந்தது. ஏறக்குறைய 100-க்கு 10 பேருக்கு ஏ, 15 பேருக்கு பி, 10 பேருக்கு சி, 15 பேருக்கு டி, 20 பேருக்கு இ. ரேஷன் கடை மாதிரிதான். எல்லாரும் நன்றாக எழுதினாலும் ஏ என்னவோ 10 பேருக்குத்தான். இந்த ஏற்பாடு 1987 வரையில் நடந்தது.

இப்போது எப்படி? முதலில் தாள்களைத் திருத்திவிடுகிறார்கள்; கோடு அதற்கப்புறம்தான். மூத்த பரீட்சகர்கள் கூடி, போன வருஷம் கோட்டின்மேல் நின்ற தாள்களையும் இந்த வருஷத்துத் தாள்களையும் ஒப்பிடுகிறார்கள். கேள்வி கடினமாக இருந்தால் கோடு கீழே இறங்கும். சுலபமாக இருந்தால் மேலே ஏறும். இதே பிள்ளைகள் பதினொரு வயதில் எப்படிப் பரீட்சை எழுதினார்கள் என்ற புள்ளிவிவரமும் வழக்கமாக மேஜைமேல் இருக்கும். போன வருஷத்துப் பிள்ளைக்கும் இந்த வருஷத்துப் பிள்ளைக்கும் ஒரே நியாயம் கிடைக்கவேண்டுமென்பது நோக்கம். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் 2018-இல் சமயப் பாடத்துக்கு 9 முதல் 1 வரை புதிய கிரேடு வந்தபோது நடந்ததைக் கேளுங்கள். இப்படி யோசித்துப் போட்ட கோடுகள் 7, 4, 1 ஆகிய மூன்றுதான். 5-ம் 6-ம் நடுவில் சம இடைவெளி விட்டுப் போட்டவை. 9-க்கு ஒரு சூத்திரம்: 7-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களின் சதவீதத்தில் பாதியோடு 7-ஐக் கூட்டு. நூற்றுக்கு 30 பேர் 7-ஐத் தொட்டிருந்தால், பாதி 15, அதோடு 7, ஆக 22. அந்த முப்பது பேரில் 22 சதவீதம் 9-க்குப் போவார்கள். 8-இன் கோடு 7-க்கும் 9-க்கும் நட்டநடுவில். பக்தியுமில்லை, பாண்டித்தியமுமில்லை, வகுத்தல் கணக்கு!

2020-இல் கொள்ளைநோயினால் பரீட்சையே நடக்கவில்லை. மேல்நிலை வகுப்புக்கு ஆசிரியர்கள் மதிப்பிட்ட கிரேடுகளை ஒரு கணக்குச் சூத்திரத்தில் போட்டுச் சலித்தார்கள். நூற்றுக்கு 39 கீழே இறங்கின. ஆகஸ்டு 13-ஆம் தேதி வெளியிட்டதை, பிள்ளைகள் தெருவுக்கு வந்து கூச்சல் போட்ட பிறகு, 17-ஆம் தேதி விட்டுக்கொடுத்தார்கள். ஹார்ட்டாக்கின் பரீட்சகர்கள் மாற்றி மாற்றித் தீர்ப்புச் சொன்னாலும், தாளையாவது படித்தார்கள்.

இதையெல்லாம் தங்கை பெண்ணிடம் சொன்னேன். மறுபார்வைக்குப் பணம் கட்டியிருக்கிறாளாம். மார்க்கு மாறினாலும் மாறலாம், கோடு மாறாது.

"எந்தக் கேள்வியிலே அம்மா குறைஞ்சது?"

"மறுபிறவி, மாமா. அது உண்டுன்னு சொல்றவங்க பக்கமும் எழுதணும், இல்லேன்னு சொல்றவங்க பக்கமும் எழுதணும். எனக்கு நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் எழுதலை?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

"அன்னிக்குத்தான் பாட்டியோட முதல் திதி, மாமா. மறுபடி பிறக்கவே மாட்டாங்கன்னு எழுதக் கை வரலை."