டிரில் மாஸ்டரும் எம்.எஸ்ஸி. பட்டமும்

வானகரத்தில் என் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் ஒரு பஸ் டிரைவர் குடியிருக்கிறார். இருபத்தாறு வருஷமாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவர். போன மாதம் ஒரு மாலை, தம் பெண்ணின் விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பெண் பி.எஸ்ஸி. முடித்தவள், உடற்பயிற்சி விஞ்ஞானத்தில் எம்.எஸ்ஸி. சேர வேண்டும் என்கிறாளாம்.

"குதிக்கிறதுக்கும் ஓடறதுக்கும் எம்.எஸ்ஸி. எதுக்கு சார்? கடைசியில டிரில் மாஸ்டர் வேலைதானே? நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட என்னிடம் மேற்படிப்புக்கு யோசனை கேட்க வந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் கேள்வி என்னவோ நியாயமானதுதான். நான் படித்த பள்ளியில் டிரில் பீரியட் என்றால், கணக்கு வாத்தியார் பாக்கிப் பாடத்தை நடத்திக்கொள்ளும் நேரம் என்றே அர்த்தம். டிரில் மாஸ்டர் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வராந்தாவில் நின்று வேடிக்கை பார்ப்பார். அவருக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு என்று எங்களில் ஒருவனுக்காவது தோன்றியிருக்குமா?

ஆனால் அந்தச் சாஸ்திரத்துக்கு நம் பட்டணத்தில் நூறு வயது தாண்டிவிட்டது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1919-இல் சென்னைக்கு வந்தார். கூடைப்பந்து ஆட்டம் 1891-இல் பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்றவர் அவர். 1920-இல், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணாக்கர்களை வைத்துக்கொண்டு, உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். நந்தனத்தில் இன்று இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். ஆசியாவிலேயே இந்த வகையில் முதலாவது என்பார்கள். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்குப் பயிற்சி அளித்தவரும் பக்தான். 1943-இல் இந்த ஊரிலேயே காலமானார்.

பக் இங்கே ஆசிரியர்களைத் தயாரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் ஏ. வி. ஹில் என்ற உடலியல் பேராசிரியர் வேறொரு வேலையில் இருந்தார். ஓடுகிறவன் முதுகில் ஒரு பையைக் கட்டி, அவன் விடும் மூச்சை அதில் பிடித்து, எவ்வளவு பிராணவாயு செலவாயிற்று என்று அளந்தார். சோதனைக்கு ஆள் தேடி அவர் எங்கும் அலையவில்லை, அவரே ஓடினார். தசைகள் உண்டாக்கும் வெப்பத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. பிறகு 1927-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் களைப்பை ஆராய்வதற்கென்றே ஒரு சோதனைச்சாலை ஏற்பட்டது. இருபது அங்குல உயரமுள்ள படியில் நிமிஷத்துக்கு முப்பது தடவை வீதம் ஐந்து நிமிஷம் ஏறி இறங்கச் சொல்லி, பிறகு நாடியை எண்ணிப் பார்க்கும் பரீட்சை அங்கே பிறந்ததுதான். 1947-இல் அந்தச் சாலையை மூடிவிட்டார்கள்.

டிரைவரின் கேள்வியைக் கேட்ட பெரிய மனிதர்களும் உண்டு. ஹார்வர்டின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட், உடற்கல்வியில் மேற்பட்டப் படிப்பே வேண்டாம், எடுத்துவிடலாம் என்று 1963-இல் எழுதினார். மறு வருஷமே கலிபோர்னியாவில் ஃபிராங்க்ளின் ஹென்றி பதில் சொன்னார்: விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் தொழில் வேறு, உடல் இயங்கும் விதத்தை ஆராயும் கல்வி வேறு, இரண்டாவது தனித் துறையாக நிற்கத் தகுதியுள்ளது என்பது அவர் வாதம். உடற்பயிற்சி விஞ்ஞானம் என்று இன்று சொல்லும் படிப்பு இந்தச் சண்டைக்குப் பிறகே தழைத்தது. வேடிக்கை என்னவென்றால், கோனன்ட் வேண்டாம் என்று எழுதிய அதே 1963-இல்தான், குவாலியரில் 1957-இல் தொடங்கிய லட்சுமிபாய் கல்லூரி உடற்கல்வியில் முதுகலைப் படிப்பை ஆரம்பித்தது. நம் மாநிலத்தில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2004-இல் சட்டம் வந்தது. வண்டலூருக்கு அருகே மேலக்கோட்டையூரில் அது இருக்கிறது. வானகரத்துக்குப் பக்கத்துப் போரூரிலேயே, ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில், விளையாட்டு விஞ்ஞானத்துக்கென்று ஒரு மையம் உண்டு.

இத்தனையும் கேட்டுவிட்டு டிரைவர் கொட்டாவி விட்டார். அப்போதுதான் எனக்கு மாரிஸின் நினைவு வந்தது.

ஜெர்ரி மாரிஸ் லண்டன் டாக்டர். அந்த ஊர் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பார்; கண்டக்டரோ தினமும் ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்குவார். ஊர் ஒன்று, வண்டி ஒன்று, முதலாளியும் ஒருவரே. ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-இல் மாரிஸும் அவர் நண்பர்களும் வெளியிட்டார்கள்.

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சென்ற வருஷம் மார்வலி என்று ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர்.

"அப்ப உக்காந்திருந்ததாலதான் வந்துச்சா?"

"அதைத்தான் அவரும் தம்மையே கேட்டுக்கொண்டார்" என்றேன். ஒருவேளை பருத்த ஆட்களே டிரைவர் வேலைக்கு வருகிறார்களோ? சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு உண்மையிலேயே பெரிது. அதுவும் வேலையில் சேர்ந்தபோதே பெரிது. 1956-இல் அதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். பஸ்ஸை மட்டும் நம்பாமல், கடிதம் சுமந்து நடக்கும் தபால்காரர்களை உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாக்களோடும் ஒப்பிட்டார்கள். பின்னாளில் வேறு பலரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உடலுழைப்பு இருதயத்தைக் காக்கிறது என்ற முடிவு அப்படித்தான் உறுதிப்பட்டது.

'ஓடு' என்று சொல்ல விசில் போதும். 'ஓடியதனால்தான் பிழைத்தானா, பிழைக்கிற உடம்பாக இருந்ததனால் ஓடினானா?' என்று கேட்கவும், மார்வலி கண்டவன் எத்தனை அடி நடக்கலாம், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லவும் படிப்பு வேண்டும். உங்கள் பெண் கேட்பது அந்தப் படிப்பை என்றேன்.

அவர் வெகுநேரம் பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஃபீஸ் எவ்வளவு சார் ஆகும்? வேலை நிச்சயமா கெடைக்குமா?" என்றார்.

இந்தக் கேள்விகளுக்குச் சரித்திரத்தில் பதில் இல்லை. கல்லூரிக்கே போய் விசாரிக்கலாம், நானும் வருகிறேன் என்றேன். மறுநாள் காலை போரூர் வரை மூவருமாகப் போனோம். அவர்தான் நடந்தே போகலாம் என்றார்.