செயலியே முதலாளி: டெலிவரி வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்குச் சட்டம் என்ன தருகிறது?

தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கத்து வீடுகளில் "பையன் பெங்களூரில் இருக்கிறான்" என்றால் முன்பு பேக்கரியோ, துணிக்கடையோ, கட்டட வேலையோ என்று புரிந்துகொள்வோம். இன்று முதுகில் பெட்டியும் கையில் கைபேசியுமாக உணவு, மளிகை டெலிவரி செய்யும் பிள்ளைகள் நம் மஹல்லாக்களிலும் கணிசமாக இருக்கிறார்கள். சிலர் ஓசூரில், சிலர் பெங்களூரில்.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பையனுக்குப் போன வருடம் ஒரு நாள் காலையில் செயலி திறக்கவில்லை. ஐடி பிளாக். வாடிக்கையாளர் ஒருவரின் புகார் என்பது மட்டும் தெரிந்தது. என்ன புகார், யார் விசாரித்தார்கள், எத்தனை நாளுக்கு என்பதற்குப் பதில் இல்லை. ஊரிலிருந்த அவன் அம்மா கேட்டது இதுதான்: "அந்த மேனேஜரைப் போய்ப் பார்த்துப் பேசினால் என்ன?" போய்ப் பார்க்க மேனேஜர் என்று யாரும் இல்லை. உதவி எண்ணில் பதில் சொன்னதும் தானியங்கிதான்.

இந்தக் கட்டுரையாளன் கணினியை விரும்பிக் கற்றவன். தொழில்நுட்பத்தின் மீது கோபம் எதுவும் இல்லை. ஆனால் "கம்ப்யூட்டர்தான் முடிவு செய்தது" என்ற பதிலை மட்டும் ஏற்க முடியவில்லை. எந்த ஆர்டர் யாருக்குப் போக வேண்டும், மழை நேரத்தில் எவ்வளவு கூட்டித் தர வேண்டும், ரேட்டிங் எவ்வளவு குறைந்தால் ஆளை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய விதிகள். அவர்கள் நினைத்தால் நாளையே மாற்றலாம், மாற்றுகிறார்கள். அந்தக் காலத்து மேஸ்திரியின் சிட்டா நோட்டுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், மேஸ்திரியின் முகம் நமக்குத் தெரியும்.

பிரச்சினை "பார்ட்னர்" என்ற சொல்லில் தொடங்குகிறது. ஒப்பந்தத்தில் அவன் தொழிலாளி இல்லை, சுயமாகத் தொழில் செய்யும் கூட்டாளி. எனவே பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை, பணிக்கொடை இல்லை. வண்டி, பெட்ரோல், கைபேசி, நெட் பேக் எல்லாம் அவன் செலவு. உண்மையான கூட்டாளி என்றால் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடிய வேண்டுமே? இஸ்லாமிய ஃபிக்ஹில் இஜாரா, அதாவது கூலி ஒப்பந்தம் செல்லுபடியாக, கூலி இவ்வளவு என்று இரு தரப்பும் முன்பே அறிந்திருக்க வேண்டும். மணிக்கு மணி மாறும் இன்சென்டிவ் கணக்கை அந்த நிபந்தனையோடு வைத்துப் பார்க்க வேண்டியது உலமாக்களின் வேலை. அதை அவர்களிடமே விட்டுவிடுவோம். வெள்ளி மதியம் ஆர்டர் நெருக்கடியான நேரம் என்பதும், ஜும்ஆவுக்குப் போக லாக் அவுட் செய்பவனுக்கு அன்றைய இன்சென்டிவ் கைநழுவக்கூடும் என்பதும் நம் வீடுகளுக்குத் தெரிந்த கதைதான்.

இந்தச் சொல்லை நீதிமன்றத்தில் உடைத்துக் காட்டியது பிரிட்டனின் ஊபர் வழக்கு. யாசீன் அஸ்லம், ஜேம்ஸ் ஃபரார் என்ற இரண்டு ஓட்டுநர்கள் முன்னின்று நடத்தினார்கள். 2016இல் தீர்ப்பாயத்தில் வென்றார்கள். நிறுவனம் மேல்முறையீடு செய்துகொண்டே போனது, ஒவ்வொரு படியிலும் தோற்றது. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நீதிபதிகள் நின்றுவிடவில்லை. கட்டணத்தை யார் வைக்கிறார்கள், ஒப்பந்த வாசகத்தை யார் எழுதுகிறார்கள், சவாரியை மறுத்தால் யார் தண்டிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றாகவே இருந்தது. அந்த ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்துடன் விடுமுறையும் உரிமையாயின. 2023 ஏப்ரலில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. கணினி தானாக எடுத்த முடிவால் நீக்கப்பட்ட ஓட்டுநர்களுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்றது. மனிதர்கள் பரிசீலித்தார்கள் என்று நிறுவனம் சொன்னதை, அது பெயரளவுக்குத்தான் என்று ஒதுக்கியது.

பணபலம் எதிர்த்திசையில் இழுத்ததும் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இத்தகைய ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருதும் சட்டம் கொண்டு வந்தது. நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் பிரச்சாரத்தில் செலவிட்டு, 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு மூலமே தங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டன.

இந்தியாவுக்கு வருவோம். நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் நாட்டில் 77 லட்சம் பேர் கிக் வேலையில் இருந்ததாகவும் 2029-30இல் அது 2.35 கோடியாகும் என்றும் மதிப்பிட்டது. கிக் என்றால் நிரந்தர வேலை உறவு இல்லாமல், வேலைக்கு வேலை கூலி. செயலி வழித் தொழிலாளர்களின் கூட்டமைப்பு ஒன்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் சமூகப் பாதுகாப்பு கேட்டு வழக்குத் தொடுத்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஷேக் சலாவுதீன் இந்தத் துறையின் முக்கியமான தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவர். 2023இல் ராஜஸ்தான் இவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமானது.

நம் மாவட்டத்துக்கு நேரடியாகப் பொருந்துவது கர்நாடகத்தின் சட்டம். 2025 மே மாதம் அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு சட்டமன்றத்தில் நிறைவேறியது. பெங்களூரில் வண்டி ஓட்டும் தருமபுரிப் பையனுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் சட்டம் பார்ப்பது வேலை நடக்கும் இடத்தை. ஒவ்வொரு டெலிவரியிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனம் நல நிதிக்குத் தனியாகச் செலுத்த வேண்டும். ஒப்பந்த நிபந்தனைகளை மாற்றினால் 14 நாள் முன்பே சொல்ல வேண்டும். ஆளை நீக்க எழுத்தில் காரணமும் 14 நாள் அறிவிப்பும் வேண்டும். பிறருக்கு உடல் ரீதியான தீங்கு போன்ற சூழலில் மட்டும் விலக்கு. ரேட்டிங், ஆர்டர் பங்கீடு போன்றவற்றைத் தானியங்கி முறை எந்த அளவுகோலில் செய்கிறது என்று தொழிலாளி கேட்டால் தெரிவிக்க வேண்டும். மேலே சொன்ன அம்மா கேட்ட கேள்விக்கு இந்த நாட்டில் ஒரு சட்டம் பதில் சொல்ல முயன்றிருக்கிறது என்றால் அது இதுதான். நிறுவனங்கள் இதை எவ்வளவு மனமுவந்து செய்யும் என்பது வேறு விஷயம். அளவுகோலைச் சொல்கிறோம் என்று நான்கு பக்கம் பொதுவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது கடினமல்ல.

ஓசூரிலோ சேலத்திலோ தருமபுரி டவுனிலோ ஓட்டுபவர்களின் நிலை வேறு. தமிழக முதல்வர் 2023 ஆகஸ்ட் 15 அன்று கோட்டை கொத்தளத்தில் அறிவித்தபடி, கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அதே ஆண்டு டிசம்பரில் அமைக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் இவை அரசு தரும் உதவிகள். ஐடியை ஏன் முடக்கினாய் என்று நிறுவனத்தைக் கேட்கும் கர்நாடகச் சட்டம் போன்ற ஒன்றுதான் இங்கு தேவை. எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் உள்ள உரிமை, இந்தப் பக்கம் ஓசூரில் ஓட்டுபவனுக்கு இல்லாமல் போவது எந்த வகையில் நியாயம்?

மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். ஆனால் தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டத் தேவையில்லை. குறைந்தபட்சக் கூலி பற்றியோ ஐடி முடக்கம் பற்றியோ இது கிக் தொழிலாளிக்கு எதுவும் தரவில்லை. ஐந்து வருடம் காத்திருந்ததற்கு இது குறைவு என்பதே நம் கருத்து.

இப்போதைக்கு வீட்டார் செய்யக்கூடியவை சில உண்டு. இ-ஷ்ரம் தளத்தில் ஆதார் மூலம் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு கிக் தொழிலாளர்களுக்கும் உண்டு என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது இந்தப் பதிவை வைத்துத்தான். தமிழ்நாட்டில் ஓட்டுபவர்கள் நல வாரியப் பதிவுக்கு மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்கலாம். கணினி தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மஹல்லாவில் பாதிப் பேருக்குப் பதிவு முடிந்துவிடும்.

இன்னொன்று, பிள்ளையிடம் இன்றே சொல்லுங்கள். வாராந்திர பேஅவுட், ரேட்டிங், இன்சென்டிவ் அறிவிப்பு, உதவி எண்ணோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்தச் செயலிக்கு வெளியே ஒரு மின்னஞ்சலில் சேமித்து வைக்கட்டும். ஐடி முடங்கிய பிறகு செயலிக்குள் போய் எதையும் எடுக்க முடியாது. அந்தப் பையனிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை. இரண்டு வருடம் ஓட்டியதற்குக் கடைசியில் மிஞ்சிய ஆதாரம் வங்கிப் பாஸ்புக் மட்டும்தான்.